கவிதையில் பேசும் 'நான்' யார்? நவீன கவிதையில் வேடம், தன்னிலை, வேட்கை

செந்தூல் வாசகர்:

மலேசியத் தமிழ் வாசகர்களின் இந்த இணைய இழையில் அனைவருக்கும் வணக்கம். நவீன கவிதையைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. ஐரோப்பிய நவீனத்துவக் கவிஞர்கள் தம்மை மறைத்துக்கொண்டு வேடங்களின் வழியே பேசினார்கள் என்றும், தமிழ்ப் புதுக்கவிதை அவர்களிடம் அதைக் கற்றுக்கொண்டது என்றும் சொல்லிவிடுகிறோம். நான் இதை ஏற்கவில்லை. இரு தரப்பினரும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள் என்பதே என் வாதம். அதை இங்கே முன்வைக்கிறேன், மறுப்புகளையும் எதிர்பார்க்கிறேன்.

ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் 'ஜே. ஆல்ஃபிரட் புரூஃப்ராக்கின் காதல் பாடல்' 1915 ஜூன் மாதம் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி 1910, 1911ஆம் ஆண்டுகளிலேயே எழுதப்பட்டுவிட்டது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மாணவர். ஆனால் கவிதைக்குள் பேசுபவரோ தலைமுடி உதிர்ந்துகொண்டிருப்பதை எண்ணிக் கவலைப்படும் மனிதர். பெண்கள் நிறைந்த கூடத்திற்குள் போவதா திரும்புவதா என்று தயங்கியே மாலைகளைக் கழிப்பவர். கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசிவரை கேட்காதவர். 'காதல் பாடல்' என்று தலைப்பிட்ட அக்கவிதையில் காதல் ஒருபோதும் சொல்லப்படுவதில்லை. கவிதையின் முகப்பில் தாந்தேயின் நரகக் காண்டத்திலிருந்து சில வரிகள் வைக்கப்பட்டுள்ளன. தீச்சுடருக்குள் அடைபட்ட குய்தோ என்பவன், கேட்பவன் மீண்டும் உலகுக்குத் திரும்பிவிடுவான் என்று தெரிந்தால் இந்தச் சுடர் அசையவே அசையாது என்று சொல்லும் இடம் அது. தன் பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவன் வாய் திறக்கிறான். புரூஃப்ராக்கும் அத்தகைய நம்பிக்கையில்தான் பேசுகிறார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1919இல் எழுதிய 'மரபும் தனித்திறனும்' என்ற கட்டுரையில், கவிதை என்பது உணர்ச்சியிலிருந்தும் ஆளுமையிலிருந்தும் தப்பிச் செல்வது என்று எலியட் அறிவித்தார். கவிஞரின் சொந்த நெஞ்சமே கவிதையின் ஊற்று என்று ஒரு நூற்றாண்டுக் காலம் சொல்லி வந்த ரொமான்டிக் கவிதைக்கு அது மறுமொழி. சொந்த 'நான்' நிறைந்து வழிந்த வீட்டிலிருந்து வெளியேற அவருக்கு வேடம் தேவைப்பட்டது.

நமக்கு நிலைமை வேறு. தலைவி, தோழி, செவிலி, பராங்குச நாயகி (நம்மாழ்வார் பெண்ணாகி நின்று பாடும் நிலை) என்று நம்மிடம் வேடங்களுக்குக் குறைவே இல்லை. 1917இல் நூலாக வந்த 'கண்ணன் பாட்டு' வரை வேட்கையைப் பேச விரும்பிய தமிழ்க் கவிஞருக்கு ஏதோ ஒரு பாத்திரம் தயாராகக் காத்திருந்தது. பாரதி கண்ணனைத் தோழனாகவும் சேவகனாகவும் காதலனாகவும் காதலியாகவும் மாற்றி மாற்றிப் பாடியபோது, அந்த வேடங்களின் கடைசிப் பெருவிழாவை நடத்தினார் என்றே நான் கருதுகிறேன். 1934இல் 'மணிக்கொடி' இதழில் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' வெளியான காலத்திலிருந்து, 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் கவிஞர்கள் வரை தேடியது வேடமற்ற ஒரு 'நானை'. திணையோ கூற்றோ இறைவனோ துணைக்கு வராத, ஒரு சாதாரண மனிதரின் தன்மைக் குரலை அவர்கள் தேடினார்கள். எலியட் எதைக் கழற்றி வைத்தாரோ அதை நாம் அப்போதுதான் முதன்முறையாக அணிந்துகொண்டோம்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:

செந்தூல் தம்பிக்கு வணக்கம். உங்கள் வாதத்தின் எலும்புக்கூட்டை ஏற்கிறேன். ஆனால் அகப்பாடலின் தலைவியை 'வேடம்' என்று அழைத்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குத் தயக்கம். வேடம் என்றால் அதன் பின்னால் ஒரு முகம் இருக்கிறது, அது மறைக்கப்படுகிறது என்று பொருள் வந்துவிடும். அகத்திணை அப்படிச் செயல்படவில்லை.

'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். ஐந்திணைக் காதலில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. இதை வெறும் இலக்கண ஒழுங்காகக் கற்பித்துவிட்டுப் போய்விடுகிறோம். இந்த விதியினால் என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் இல்லாததால் வேட்கையைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்ல முடிந்தது. உடல் மெலிவதை, இரவில் கதவருகே காத்திருப்பதை, பரத்தையிடம் போய்த் திரும்பியவனைக் கண்டு எழும் சினத்தை, தன் அழகு யாருக்கும் பயன்படாமல் வீணாவதைச் சொல்ல முடிந்தது. பெண்களும் சொன்னார்கள், அவற்றைத் தொகுத்து வைத்தார்கள், எவரும் வெட்கப்படவில்லை.

அந்த விதியின் எல்லைகளில்தான் உங்கள் கேள்விக்கு உரிய சான்றுகள் கிடக்கின்றன. சங்கப் பெண்புலவர் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83, 84, 85ஆம் எண்களில் உள்ளன. மூன்றும் வேட்கைப் பாடல்களே. கழற்ற நேரும் வளையலும், தாயிடம் கொள்ளும் அச்சமும், ஊர் அவைக்கு நாணும் நாணமுமாக அகத்துக்கு வேண்டிய எல்லாமே அவற்றில் இருக்கின்றன. பாட்டுக்குள் அவனுடைய பெயர்கூட இல்லை. ஆயினும் அவை சோழன் கோப்பெருநற்கிள்ளி என்னும் ஒரு குறிப்பிட்ட ஆடவனை விரும்பிப் பாடியவை என்று அறியப்பட்டதால் புறத்தில் வைக்கப்பட்டன. யாரை என்று தெரிந்துவிட்ட மறுகணமே காதல் ஒரு பொதுச் செய்தியாகிவிடுகிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த சான்று. வெள்ளிவீதியார் குறுந்தொகை 27இல், கன்றும் உண்ணாமல் கலத்திலும் படாமல் நல்ல ஆவின் பால் நிலத்தில் சிந்திப் போவதைப் போலத் தன் மாமைக் கவின் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறது என்கிறார். அது தலைவி கூற்று. விதிப்படி அந்தத் தலைவி எவருமில்லை. ஆனால் அகநானூறு 147இல் ஔவையார், 'வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவுஅயர்ந் திசினால் யானே' என்று பாடுகிறார். கணவனைத் தேடி அலைந்த பெண்ணாக வெள்ளிவீதியைப் பெயர் சொல்லி உவமை ஆக்கிவிட்டார். பாடலின் 'நானை' எழுதியவரின் வாழ்க்கையோடு சேர்த்து வாசிக்கும் ஆசை இன்று நேற்று வந்ததன்று என்பதற்கு, அதுவும் ஒரு பெண் கவிஞர் இன்னொரு பெண் கவிஞரை வாசித்த வாசிப்பு என்பதற்கு, இதைவிட வேறு சான்று வேண்டுமா?

படிவம் ஆறு மாணவி:

ஆசிரியர் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் பாடநூலில் ஒவ்வொரு குறுந்தொகைப் பாடலுக்கும் மேலேயோ கீழேயோ 'தலைவி தோழிக்குச் சொல்லியது' என்பது போன்ற குறிப்பு இருக்கிறது. தேர்வில் அந்தக் குறிப்பை வைத்துத்தான் விளக்கம் எழுதுகிறோம். அதை எழுதியவர் பாடலைப் பாடிய புலவரா?

பட்டர்வொர்த் ஆசிரியர்:

நல்ல கேள்வி, மகளே. கூற்றும் துறையும் சொல்லும் அந்தக் குறிப்புகளைப் பாடியவர்கள் எழுதவில்லை, தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ சேர்த்தார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. சில பாடல்களில் குறிப்பை மறைத்துவிட்டு வாசித்தால், பேசுபவர் தலைவியா தோழியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தேர்வுக்குக் குறிப்பின்படியே எழுதுங்கள். வீட்டில் குறிப்பில்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பெயர்ப்புக்காரர்:

இரண்டு மறுப்புகள் சொல்ல வேண்டும். முதலாவது செந்தூல் நண்பருக்கு. வேடங்கள் நிறைந்த மரபு நம் கவிஞர்களுக்குத் தொடர்ந்து கைவசம் இருந்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். குறுந்தொகை முதன்முதலில் அச்சேறியது 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பாக. புரூஃப்ராக் வெளிவந்த அதே ஆண்டு. உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வந்தது 1937இல். ஆகவே 'மணிக்கொடி' தலைமுறைக்குச் சங்க அகப்பாடல் என்பது பாட்டி சொல்லித் தந்த மரபாக இல்லை. ஏறத்தாழ எலியட்டைப் போலவே புதிதாக அச்சில் வந்த ஒன்றாகத்தான் இருந்தது. அவர்கள் காதில் உண்மையில் ஒலித்துக்கொண்டிருந்தவை ஆழ்வார் பாசுரமும் கோவை நூல்களும் பதம் என்னும் இசைப்பாட்டும்தான். சங்கப் பாடல் உலகின் கண்ணில் நவீன கவிதையைப் போலத் தெரியத் தொடங்கியதும், ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகுதான். அவரே ஆங்கிலத்தில் எழுதிய நவீன கவிஞர் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு, ஐரோப்பிய நவீனத்துவத்தை எலியட்டின் 'தப்பித்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பதைப் பற்றியது. அயர்லாந்துக் கவிஞர் யேட்சுக்கு முகமூடி என்பது தப்பிக்கும் வழியாக இருக்கவில்லை. தான் எதுவாக இல்லையோ அதை அணிந்து, அதோடு மல்லுக்கட்டுவதற்காகவே அவர் அதைத் தேடினார். பிறரோடு போடும் சண்டையிலிருந்து சொற்பொழிவும் தன்னோடு போடும் சண்டையிலிருந்து கவிதையும் பிறக்கின்றன என்று 1918இல் வெளியான தம் உரைநடை நூலில் எழுதினார். மோட் கான் என்ற பெண்மணி மீண்டும் மீண்டும் மறுத்த திருமண விருப்பம்தான் அந்தச் சண்டையின் பெரும்பகுதி. வேட்கை நிறைவேறியிருந்தால் முகமூடிக்கு அவசியம் இருந்திருக்காது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது.

நான் பல ஆண்டுகளாகத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கும் போர்த்துக்கீசியக் கவிஞர் ஃபெர்னாண்டோ பெசோவா இந்த விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானவர். லிஸ்பன் நகரில் வணிக நிறுவனங்களுக்கு அயல்மொழிக் கடிதங்கள் எழுதித் தந்து பிழைத்த அவர், அல்பர்டோ காயிரோ, ரிக்கார்டோ ரெய்ஸ், ஆல்வரோ த காம்போஸ் என்று தனித்தனிப் பிறப்பும் கல்வியும் நடையும் கொண்ட கவிஞர்களை உருவாக்கி அவர்களின் பெயரில் எழுதினார். காம்போஸ் கிளாஸ்கோவில் படித்த கப்பல் பொறியாளர்; அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைக் கூவி வாழ்த்துபவர்; பெசோவா வாய்விட்டுச் சொல்லத் துணியாத உடல் வேட்கைகளையெல்லாம் உரக்கச் சொல்பவர். 1914 மார்ச் 8ஆம் தேதி இவர்கள் தமக்குள் ஒரே மூச்சில் தோன்றினார்கள் என்று, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில் பெசோவா விவரித்தார். கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தவர்கள் அது அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். வேடங்களின் பிறப்பைச் சொன்ன அந்தக் குரலும் புனைந்த குரலே.

இதில் என்னை மிகவும் தொட்டது ஒஃபேலியா என்ற பெண்ணோடு அவருக்கு இருந்த உறவுதான். 1920இல் சில மாதங்கள், பிறகு 1929இல் மீண்டும் சில காலம். இரண்டாம் முறை, பெசோவாவுக்குப் பதிலாக ஆல்வரோ த காம்போஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். காதலித்தவர் ஒருவர், பதில் எழுதுபவர் வேறொருவர் என்றால் அந்தப் பெண் யாரிடம் கோபித்துக்கொள்வது? 1935 அக்டோபரில், சாவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு, காம்போஸின் பெயரில்தான் காதல் கடிதங்கள் எல்லாமே கேலிக்குரியவை என்ற கவிதை எழுதப்பட்டது. காதல் கடிதமே எழுதாதவர்கள்தாம் உண்மையில் கேலிக்குரியவர்கள் என்று அதே கவிதை திரும்பியும் சொல்கிறது. சொந்தக் குரலில் பெசோவா அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வேடம் இங்கே வேட்கையை மறைக்கவில்லை. அதற்கு இருக்க ஓர் இடம் கொடுத்தது.

தீவுக்காரி:

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன். கவிதையும் எழுதுகிறேன் என்பதால் இந்த விவாதம் எனக்கு வெறும் வரலாறு இல்லை.

வேடம் அணிவதா கழற்றுவதா என்று கவிஞர் முடிவு செய்வது போலவே இதுவரை எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்த முடிவு கவிஞரிடம் இல்லை. கொஞ்சக் காலத்துக்கு முன் பினாங்கில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில், திருமணமான பெண் ஒருத்தி இன்னோர் ஆடவனை எண்ணி இரவைக் கழிப்பதாக அமைந்த என் கவிதையைப் படித்தேன். எனக்கு முன்பு படித்த நண்பரின் கவிதையும் கிட்டத்தட்ட அதே பொருள். பேசுபவர் ஆண், அவ்வளவே வேறுபாடு. அவரிடம் படிமத்தைப் பற்றியும் வரி முறிவைப் பற்றியும் கேட்டார்கள். என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டாரா?" என்பது. கேட்டவர் நல்ல மனிதர், தமிழை நேசிப்பவர். புண்படுத்த வேண்டும் என்று கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப்படுகிறது.

'ஆளுமையிலிருந்து தப்புதல்' என்று ஓர் ஆண் சொன்னால் உலகம் அதைக் கோட்பாடாக ஏற்றுக்கொண்டு பல பதின்ம ஆண்டுகள் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறது. 2002இல் கவிஞர் குட்டி ரேவதி 'முலைகள்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது, அந்தத் தலைப்பைக் கவிதையின் சொல்லாக எத்தனை பேர் வாசித்தார்கள்? அதை எழுதியவரின் உடலாக வாசித்தவர்களே மிகுதி. மேடைகளில் கண்டனம் எழுந்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் அந்தக் கண்டனத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள். இவர்களில் சல்மா என்பது புனைபெயர். துவரங்குறிச்சியில் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலையில் எழுதத் தொடங்கியவருக்கு, கவிதைக்குள் ஒரு தலைவியின் வேடம் போதவில்லை. கவிதைக்கு வெளியே, கையெழுத்திலேயே ஒரு வேடம் தேவைப்பட்டது. செந்தூல் அண்ணா, நீங்கள் 'முதன்முறையாக அணிந்துகொண்டோம்' என்று மகிழ்ந்து சொல்லும் அந்த வேடமற்ற 'நான்' எங்களுக்குப் பாதுகாப்பு இல்லாத இடம். அங்கே போக வேண்டும் என்ற விருப்பம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் போகும் செலவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன நக்கண்ணையாரை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். யாரை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அவளுடைய பாடல்களை வேறு நூலுக்கு மாற்றி வைத்தவர்கள் யார்? தொகுத்தவர்கள். அதே வேலையைத்தான் எங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்வியும் செய்தது. என் கவிதை அகத்திலிருந்து புறத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

செந்தூல் வாசகர்:

தீவுக்காரி அக்கா சொன்னதைப் படித்தபின் என் வாதத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வேடமற்ற 'நான்' என்று நான் சொன்னது, 'இது என் வாழ்க்கை' என்று ஒப்புக்கொள்ளும் 'நானை' அன்று. தமிழ் நவீன கவிதை போய்ச் சேர்ந்த இடம் வேறு. அதை நகுலனைக் கொண்டு காட்டுகிறேன்.

நகுலன் 1921இல் கும்பகோணத்தில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவனந்தபுரத்தில் கழித்தவர். அங்கே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆகவே எலியட்டை அவர் இரண்டாம் கையாக அறிந்தவர் இல்லை. ஆங்கிலத்தில் டி. கே. துரைசுவாமி என்ற சொந்தப் பெயரிலும், தமிழில் நகுலன் என்ற பெயரிலும் எழுதினார். அவருடைய நாவல்களில் நவீனன் என்று ஒரு கதைசொல்லி வருகிறார். அந்த நவீனன் நினைத்துக்கொண்டே இருக்கும் பெண் சுசீலா. கவிதைகளிலும் சுசீலா வருகிறார். அவர் யார், இருந்தாரா, இல்லையா என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நகுலன் 2007இல் மறையும்வரை அந்தக் கேள்விக்கு முடிவு வரவில்லை.

அவருடைய புகழ்பெற்ற சிறு கவிதையை நினைவுபடுத்துகிறேன். 'ராமச்சந்திரனா என்று கேட்டேன். ராமச்சந்திரன் என்றார். எந்த ராமச்சந்திரன் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.' பெயர் இங்கே எவரையும் அடையாளம் காட்டுவதில்லை. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்ற விதி, பெயரை விலக்கி ஆளைப் பொதுவாக்கியது. நகுலனோ பெயரைச் சொல்லியே ஆளைக் கரைத்துவிடுகிறார். கேட்ட 'நானும்' அதே வேகத்தில் கரைகிறது, ஏனெனில் எந்த ராமச்சந்திரன் என்று கேட்கத் தோன்றாதவருக்கு, தான் எந்த 'நான்' என்ற கேள்விக்கும் விடை இருக்காது. எலியட்டின் பேச்சாளர் தம்மை ஒரு பாத்திரத்தின் பின்னால் வைத்துக்கொள்கிறார். பெசோவா தம்மைப் பலராகப் பகிர்ந்துகொள்கிறார். நகுலனிடம் பகிர்வதற்கு ஒருவர் மிஞ்சுவதில்லை. ஆனால் வேட்கை மிஞ்சுகிறது. சுசீலா என்ற பெயரைச் சொல்லும் ஏக்கம் எவருடையது என்று தெரியாமலேயே நம்மிடம் வந்து சேர்கிறது. தமிழ் நவீன கவிதையின் மிக உயர்ந்த எய்தல்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

தீவுக்காரி:

நகுலனை நானும் விரும்பி வாசிப்பவள்தான், அண்ணா. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் படைப்புகள் எதிலாவது சுசீலா தன்னைப் பற்றி, தன் ஏக்கத்தைத் தன் குரலில் நமக்குச் சொல்கிறாரா? நவீனன் நினைக்கும்போதுதான் அவர் இருக்கிறார். 'நான்' கரைந்துபோகிறது என்று வியக்கிறீர்கள். பேச இடம் கிடைத்து, பேசி முடித்தவருக்குத்தான் கரைந்துபோகும் உரிமையும் கிடைக்கிறது.

எலியட்டிடமும் இதே கதைதான். எமிலி ஹேல் என்ற பெண்மணிக்கு அவர் எழுதிய 1,131 கடிதங்கள், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல பதின்ம ஆண்டுகள் முத்திரையிட்டு வைக்கப்பட்டு, 2020 ஜனவரியில் திறக்கப்பட்டன. அவருடைய 'பாழ்நிலம்' கவிதையில் வரும் பதுமராகப் பூ (ஹையசிந்த்) ஏந்திய பெண்ணைப் பற்றிய வரிகள் அவரை எண்ணி எழுதப்பட்டவை என்று எலியட்டே கடிதத்தில் தெரிவித்திருந்தார். ஆளுமையிலிருந்து தப்பித்தவரின் கவிதைக்குள் இவ்வளவு காலம் ஒரு பெண் பெயரில்லாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அதே நாளில், தமக்குப் பின் வெளியிடுவதற்காக எலியட் முன்பே எழுதி வைத்த அறிக்கையும் வெளியானது; எமிலியை மணந்திருந்தால் தமக்குள் இருந்த கவிஞரை அவர் கொன்றிருப்பார் என்று அதில் எழுதியிருக்கிறார். எமிலி அவருக்கு எழுதிய கடிதங்கள் எங்கே என்று தேடினால், அவற்றை எலியட் எரிக்கச் செய்துவிட்டார். ஒருவருடைய வேட்கைக்கு முத்திரையிட்ட பெட்டி. மற்றவருடைய வேட்கைக்கு நெருப்பு.

பத்துமலை அடிவாரம்:

நம் நாட்டு இலக்கியத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தாயை மறுத்ததால் கல்லாகிப்போன சி தெங்காங்கின் கதையை மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் அனைவரும் அறிவோம். அவனுடைய கப்பல்தான் பத்துமலைக் குன்று என்று சொல்லும் வழக்கும் இங்கே உண்டு. தேசிய இலக்கியவாதி முகமட் ஹாஜி சாலே 1975இல் வெளியிட்ட தொகுப்பில் அந்த தெங்காங்கைத் தன்மையில் பேச வைத்தார். அயல்நாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் மகனாக, பயணம் தன்னை மாற்றியதை மறைக்காமல், ஆனால் வேரை அறுத்துக்கொள்ளவும் இல்லாமல் அவன் பேசுகிறான். சபிக்கப்பட்டவனின் வாயில் 'நான்' என்ற சொல் வந்ததும் கதையின் தீர்ப்பே மாறிவிடுகிறது. தீவுக்காரி கேட்பது இதைத்தான் என்று புரிந்துகொள்கிறேன்: எமிலிக்கோ சுசீலாவுக்கோ தன்மையில் பேசும் ஒரு கவிதை. யாராவது எழுத வேண்டும்.

மலேசியத் தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1964இல் 'தமிழ் மலர்' நாளேட்டில் வந்த சி. கமலநாதனின் 'கள்ளபார்ட்டுகள்'. தலைப்பே நாடக மேடையின் ஒரு வேடத்தைச் சொல்கிறது. சமூகத்தைப் பேச நாம் அப்போதே துணிந்துவிட்டோம். சொந்த வேட்கையைத் தன்மையில் பேச நமக்கு இன்னும் நெடுங்காலம் ஆனது. தோட்டத்துத் துயரம், குடியுரிமை, மொழி என்று 'நாம்' சுமக்க வேண்டியவை மிகுதியாக இருந்ததால், 'நான்' பின்வரிசையிலேயே நின்றது என்று நினைக்கிறேன்.

பெயர்ப்புக்காரர்:

அந்தக் கடைசி வரியோடு உடன்படுகிறேன். பெரும்பான்மையரின் மொழியில் எழுதுபவருக்கு 'நான்' எளிதாகக் கிடைக்கிறது. சிறுபான்மையரின் கவிதையில் எந்த 'நானும்' உடனே சமூகத்தின் பிரதிநிதியாக வாசிக்கப்படுகிறது. தீவுக்காரியிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பின்னால், 'நம் பெண்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்' என்ற அச்சமும் இருந்திருக்கலாம்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:

ஆண்டாளைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பெண்ணாகி நின்று பாடியதை உரையாசிரியர்கள் தாய்ப் பாசுரம், மகள் பாசுரம் என்று வகுத்து, அந்த நிலைக்கு நாயகி என்று பெயரும் வைத்தார்கள். ஆண்டாளுக்கு அப்படி எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. மற்றவர்களின் பக்தி முயன்று மேட்டில் ஏற்றிய நீர் என்றும், அவருடையது பள்ளத்தில் தானே பாயும் நீர் என்றும் சொன்னார்கள். பெருமைப்படுத்தித்தான் சொன்னார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தைத் தீவுக்காரி எனக்குக் காட்டிவிட்டார். ஆழ்வார்கள் பாடியது கலை என்றும், அவர் பாடியது இயல்பு என்றும் ஆகிவிடுகிறது. 'மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்' என்ற வரியில் எவ்வளவு தேர்ந்த சொல்லாட்சி இருக்கிறது என்பதை, அது உண்மையான உணர்ச்சி என்று போற்றும் அவசரத்தில் பார்க்கத் தவறுகிறோம். பாசுரங்களின் முடிவில் பட்டர்பிரான் கோதை என்று தம் பெயரை அவர் பொறித்து வைத்ததும் ஒரு கவிஞரின் செயல்தான்.

மகளே, தீவுக்காரி, உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தொகுப்பில் அத்தகைய கவிதைகளின் தலைப்பில் 'தலைவி கூற்று' என்று போட்டுவிட்டால் என்ன? இரண்டாயிரம் ஆண்டு உரிமை உங்களுக்கும் சேர்ந்ததுதானே.

தீவுக்காரி:

ஐயா, உங்கள் யோசனையைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். போடப் போவதில்லை. மாணவி கேட்ட கேள்விதான் காரணம். அந்தக் குறிப்புகளைப் பாடியவர்கள் எழுதவில்லை என்றால், நான் மட்டும் ஏன் முன்கூட்டியே எழுதி வாசகரிடம் அனுமதி கேட்க வேண்டும்? என்னிடம் ஆண் குரலில் எழுதிய கவிதை ஒன்றும் இருக்கிறது. விலகிப் போன மனைவியின் உடலை நினைத்து ஏங்கும் ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளியின் பேச்சு அது. அதைப் படித்தபோது, இது உங்கள் கதையா என்று எவரும் கேட்கவில்லை. எப்படி இவ்வளவு துல்லியமாக எழுதினீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு கவிதைகளையும் ஒரே வாரத்தில், ஒரே மனநிலையில்தான் எழுதினேன். எந்தக் கவிதையில் என் சொந்த ஏக்கம் மிகுதி என்று கேட்டால், தொழிலாளியின் கவிதையில்தான் என்று சொல்வேன்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். எழுதியவரின் பெயர் இல்லாமல் நான்கு கவிதைகளை அச்சடித்துக் கொடுப்போம்: குறிப்பு நீக்கிய ஒரு குறுந்தொகைப் பாடல், என் கவிதைகள் இரண்டு, அன்று எனக்கு முன்பு படித்த நண்பரின் கவிதை. அவரும் சம்மதித்துவிட்டார். வந்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே, பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எதை விரும்புகிறார் என்று கூற்று எழுதட்டும். அதற்குப் பிறகு பெயர்களைச் சொல்வோம். படிவம் ஆறு மாணவி வர முடிந்தால், குறிப்புகளைத் தொகுத்து வாசிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். ஆசிரியர் ஐயா, குறுந்தொகைப் பாடலை நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வெள்ளிவீதியார் மட்டும் வேண்டாம். இந்த இழையைப் படித்தவர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள்.